மெய்க்காட்டி சுண்டாத சொல்

மாதங்கியின் மணிக்கட்டை மெய்க்காட்டி நாற்பத்தோராவது முறையாகச் சுண்டியது.

"கட்," என்றாள். தலையில் அடித்துக்கொள்ளக்கூட இடமில்லை. கையைத் தூக்கினால் குழாயில் இடிக்கும். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஓய்வு கொடுத்துக் கட்டிப்போட்டிருந்த பழைய நீர்மூழ்கி அது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே டீசல் வாடையும் பன்னிரண்டு பேரின் வேர்வையும் சேர்ந்து வெந்துகொண்டிருந்தன.

மெய்க்காட்டி வந்து பதினைந்து வருடம் ஆகிறது. மணிக்கட்டில் கட்டும் சின்னப் பட்டை, அவ்வளவுதான். மனதுக்குத் தெரிந்தது ஒன்று, வாய் சொல்வது ஒன்று என்றால் பேசுகிறவர் குரலில் ஒரு பிசிறு தட்டும். காதுக்கு எட்டாத அந்தப் பிசிறைப் பட்டை பிடித்துக்கொண்டு, கட்டியிருப்பவரைச் சுண்டும். மீன்காரர் 'இன்னைக்குப் பிடிச்சது' என்றால் சுண்டும். மாப்பிள்ளை வீட்டார் 'எங்களுக்குன்னு எதுவும் கேக்க மாட்டோம்' என்றால் சுண்டோ சுண்டு என்று சுண்டும். நாடு ஒருவழியாகத் திருந்தியது. சினிமாதான் செத்தது. கதாநாயகன் 'உனக்காக உயிரையே கொடுப்பேன்' என்றதும் அரங்கிலுள்ள ஐந்நூறு கைகளும் ஒன்றாகத் துள்ளினால் எவன் உட்கார்ந்து பார்ப்பான்?

பிறகு மெய்ச்சான்று வாரியம் வந்தது. முழுப் படத்திலும் ஒரு சுண்டுகூட இல்லையென்றால் 'மெய்ப்படம்' என்று முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத படத்தை எந்த அரங்கும் வாங்காது. அதனால் எல்லாரும் சமையல் படமும் யானைப் படமுமாக எடுத்துத் தள்ளினார்கள். மாதங்கி மட்டும் போர்ப்படம் எடுப்பேன் என்று நின்றாள். நீர்மூழ்கிக்குள் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்று உள்ளது உள்ளபடி காட்டவேண்டும். இந்த ஒரு படத்துக்காக ஏழு வருடம் அலைந்தாகிவிட்டது. இதுவும் போனால் அவளை நம்பி இன்னொரு படம் கொடுக்க ஆளில்லை.

முதல் வாரத்திலேயே நடிகர்களை ஊருக்கு அனுப்பிவிட்டாள். நீர்மூழ்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஏழு பேரைப் பிடித்தாள். அப்புறம்தான் வழி தெரிந்தது. கட்டளை பொய்யாகாது, 'வால்வை மூடு' என்றால் பட்டை சும்மா இருக்கும். கேள்வியும் பொய்யாகாது. வாயைத் திறக்காதவனைப் பட்டை ஒன்றும் செய்ய முடியாது. புலம்பலோ நூற்றுக்கு நூறு மெய். ஒரே படுக்கையில் முறைவைத்துப் படுக்கும் இரண்டு பேர், 'ஒன் தல எண்ணெய் பூரா தலகாணில இருக்குலே' என்று ஏசிக்கொண்டது ஒரே டேக்கில் ஓகே ஆனது. எதிரிக் கப்பல் தேடி அனுப்பும் ஒலி மேலே தட்டும்போது ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை, பட்டையும் பேசவில்லை. இதைவிட நல்ல போர்க்காட்சியை மாதங்கி பார்த்ததில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்.

பின்னறையில் தண்ணீர் ஏறுகிறது. ஒருவன் உள்ளே போய் வால்வை அடைக்க, மற்றவர்கள் வெளியிலிருந்து கதவைப் பூட்டிவிட வேண்டும். அவன் திரும்ப மாட்டான். அந்த ஒருவனாக வந்தவர் சூசை கர்டோசா, அறுபத்து மூன்று வயது, பழைய இயந்திர மெக்கானிக். கதவருகே நின்று கூட்டாளி லிங்கதுரையைப் பார்த்து அவர் 'வாரேன்' என்று சொல்லவேண்டும். சொன்னார். நாற்பத்தொரு முறையும் சுண்டியது.

"அண்ணே, நீங்க நிஜமாவே திரும்பி வரத்தானே போறீங்க? ஷாட் முடிஞ்சா வெளிய வந்து டீ குடிப்பீங்க. நீங்க நீங்களா இருந்து சொல்லுங்க, சுண்டாது."

"நானும் அப்படித்தாம்மா நெனைக்கேன். கேமராவ ஓடவிட்டதும் அவன் உள்ள வந்துருதான். அவனுக்குத் தெரியும்லா, வரமாட்டோம்னு."

மாதங்கிக்கு அழுகையே வந்தது. நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத நடிகர் கையில் இருக்கிறார், அவர் நன்றாக நடிப்பதுதான் தொல்லை.

"அப்ப 'போறேன்'னு சொல்லிடுங்க. அது உண்மைதானே?"

சூசை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அத மட்டும் சொல்ல மாட்டேன். இருவத்திரண்டு வருசம் கடலுக்கடியில கெடந்துருக்கேன். ஒரு நாள்கூட அந்த வார்த்த வாயில வந்ததில்ல. செத்தவனத்தான் போயிட்டாம்பாவ."

"சரி, ஒண்ணுமே சொல்லாம உள்ள போயிடுங்க."

"சொல்லிக்கிடாம போறவன் கோவிச்சுக்கிட்டுப் போறவம்மா. எனக்கும் லிங்கதுரைக்கும் என்ன சண்ட?"

லிங்கதுரையும் ஆமாம் என்று தலையாட்டினார். பேசாத வேடக்காரருக்கும் இன்று ஒரு கருத்து இருந்தது. மாதங்கி பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பாட்டுக்கு விட்டாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒளிப்பதிவாளரிடம் கேமராவை அணைக்க வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, ஷாட்டுக்காகச் சூசை கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப்போய்ப் பின்னறையில் வைத்துவிட்டு வந்தாள். கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சோற்றுக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியாது. சட்டைப்பையைத் தடவினார், திரும்பிப் பார்த்தார்.

"உள்ள விட்டுட்டேன் போல," என்று சலித்துக்கொண்டு, கதவைத் தாண்டும் முன் லிங்கதுரை பக்கம் முகத்தைத் திருப்பி, "வாரேன்," என்றார்.

பட்டை சுண்டவில்லை. மாதங்கிக்குக் கூத்தாடலாம் போல இருந்தது. வயதானவரை ஏமாற்றிவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. விஷயம் தெரிந்தபோது சூசை கோபப்படவில்லை.

"நான் கண்ணாடிய எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்தேன்லாம்மா. அதையும் காட்டுவியளா?"

"அதக் காட்டினா படமே இல்லண்ணே."

அந்த ஒரு சொல்லை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டாள். வாரியம் முத்திரை குத்தியது.

நான்கு மாதம் கழித்துச் சென்னையில் முதல் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் வாரியத்தின் அதிகாரி. இரண்டு மணி நேரம் ஒரு கை துள்ளவில்லை. சூசை 'வாரேன்' என்று உள்ளே போனார், கதவு பூட்டப்பட்டது. நீர்மூழ்கி மேலே வந்தது. கப்பல் தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். சூசையின் பெயருக்குப் பதில் வரவில்லை. திரை இருண்டு விளக்கு எரிந்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

 படத்தில் உருகிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏழு வருடப் பாடும் தீர்ந்தது என்று மாதங்கி நினைத்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகுதான் சிலர் வெளியே போய்ப் பாப்கார்ன் வாங்கி வருவதைக் கவனித்தாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி கால்களை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

அரங்க மேலாளர் ஓடி வந்தார். "மேடம், அடுத்த ஷோவுக்கு ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க. நீங்களே சொல்லிப் பாருங்க."

மேடையேறி ஒலிபெருக்கியை வாங்கினாள். "படம் முடிஞ்சிடுச்சுங்க. எல்லாரும் கிளம்பலாம்."

"அதெப்படி முடியும்?" என்றார் ஒருவர். "அவரு வாரேன்னு சொன்னாரே. கையில சுண்டவே இல்லையே."

"கதையில அவர்..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவது வரிசை அதிகாரி நிமிர்ந்துவிட்டார். கதை, நடிப்பு என்று ஒரு வார்த்தை வந்தால் முத்திரை போய்விடும், படமும் போய்விடும்.

"தண்ணி ஏறுனத நீங்களே பாத்தீங்க. கதவையும் பூட்டிட்டாங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்களேன்," என்று கெஞ்சினாள்.

அவர்கள் யோசிக்கவில்லை. சொன்னவன் முகத்தையும் சூழ்நிலையையும் பார்த்து எதையும் தீர்மானித்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. மணிக்கட்டைத்தான் பார்த்தார்கள். மேலாளர் கீழேயிருந்து கையைப் பிசைந்தார். மாதங்கிக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"அவர் செத்துட்டாருங்க," என்று அடித்துச் சொன்னாள்.

அன்று மாலைதான் சூசை தொலைபேசியில் கூப்பிட்டு, மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஐந்நூறு கைகளும் ஒன்றாகத் துள்ளின.

அரங்கில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு பரவியது. எழுந்து நின்ற இரண்டொருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசைப் பெண் தன் கணவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தீங்களா, சாகலையாம். உக்காருங்க, இப்ப வந்துருவாரு."

அவள் சொன்னதற்கு ஒரு கைகூடச் சுண்டவில்லை.