ஒன்பதடி போதும்

"கூரை ஒன்பது அடி உயரம் போதும் மேஸ்திரி. அதுக்கு மேல போனா ஒட்டடை அடிக்க யாரு ஏணி தூக்கிட்டு அலையிறது? இவரா?"

கணவன் சிரித்தான். "என்னை விடு. பதினொண்ணு வெச்சா காத்தோட்டமா இருக்கும்னுதான் சொன்னேன்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. இடித்துத் தள்ளிய பழைய வீட்டின் செங்கல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசுல பதினாலு அடிம்மா. பன்னெண்டு அடி உயரத்துல துணி மாட்ட ஆணி அடிச்சிருந்தாங்க. அழுக்குச் சட்டை மாட்டி மாட்டி ஆணியைச் சுத்திச் சுவரே கறுத்துப் போயிருந்துச்சு."

"ஒட்டகச்சிவிங்கி வாடகைக்கு இருந்திருக்கும்," என்றாள் அவள். ஒன்பதே முடிவானது.

குடிவந்த பிறகுதான் அந்தக் கறையைப் பார்த்தாள். கூடத்தின் கூரையில், உள்ளங்கை அகலத்துக்கு, மங்கலான பழுப்பு. மழைக்கசிவு என்றான் கணவன். கசிவென்றால் ஈரமிருக்கும், உப்புப் பூக்கும். இது சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறவர்களின் தலை பட்டுப் பட்டு வெள்ளைச் சுவரில் படியுமே, அந்த எண்ணெய்ப் பிசுக்கின் நிறம், அதே மினுமினுப்பு. மேசைமேல் ஏறி, விரலால் தொட்டு முகர்ந்தாள். நெடுநாள் அலசாத தலைமுடியின் வாடை.

பெயின்ட் அடித்து மறைத்தார்கள். கறை திரும்ப வந்தது. இந்த முறை அது நீண்டிருந்தது. கூடத்தைக் கடந்து, நடையில் திரும்பி, யாரோ கூரையில் தலை உரச உரச நடந்து பழகிய தடம்போல் போய், மகள் தூங்கும் அறையின் வாசலில் நின்றிருந்தது.

"குட்டியை நம்ம ரூம்லயே படுக்க வெச்சுக்கலாங்க."

"அதெல்லாம் வேணாம், அவ ரூம்லயே தூங்கட்டும். சும்மா அண்ணாந்தே பார்த்துட்டிருக்காத. கழுத்து சுளுக்கிக்கும்," என்றான் கணவன்.

அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு பிற்பகல். வானம் இருட்டிக்கொண்டு, ஆனால் பெய்யாமல் நின்றது. குட்டியைத் தூங்கவைத்துவிட்டு வந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் குழாயை மூடியதும்தான் அதைக் கேட்டாள். உலர்ந்த நாரைச் சுவரில் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம். கூடத்திலிருந்து நடைக்கு. மெல்ல, அவசரமில்லாமல், சொந்த வீட்டில் நடப்பதுபோல்.

மொட்டைமாடியில் யாராவது நடக்கிறார்களா? இல்லை. சத்தம் கூரைக்கு மேலே இல்லை. கூரைக்குக் கீழே.

நடையின் கடைசியில் அது நின்றது. குட்டியின் அறை வாசல். நிலை ஏழடிதான். குனிந்தால்தான் நுழைய முடியும்.

எலும்பு மடங்கும் ஓசை. ஒன்று. இன்னொன்று. கதவு கிறீச்சிட்டது.

கையில் சோப்பு நுரையோடு ஓடினாள். நடையில் அந்த வாடை. கதவைத் தள்ளினாள்.

குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது. அறை மட்டும் சிறுத்துவிட்டதுபோல் இருந்தது. அலமாரியை ஒட்டி இரண்டு முழங்கால்கள். கூரையில் அழுந்திய ஒரு முதுகு. அங்கிருந்து கீழ்நோக்கி வளைந்து வளைந்து வந்த கழுத்து. அதன் முனையில், குட்டியின் தலையணைவரை தொங்கும் முடி.

முடி அசைந்தது. முகம் அவள் பக்கம் திரும்பியது.

"நிமிரவே முடியலம்மா," என்றது அது, களைத்த குரலில். "கழுத்து ரொம்ப வலிக்குது. பாப்பா பக்கத்துல கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"