பக்கத்து அறைக்குப் போன கேபிள்

மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் தட்டும் சத்தம் ஸ்டோர் ரூம் வரை கேட்டது. ஆனால் அவன் எதிரே இருந்த பழைய மானிட்டரில் அவளுடைய கம்ப்யூட்டரின் மவுஸ் அம்பு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் அறையில் மேஜை ஆடியிருக்கும் என்று அவன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். வெளியே சாயங்கால மழை பிடித்திருந்தது. அறை முழுக்க ஈரச் சாக்கு வாடை.

கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டுவது அவன் தொழில். யார் யார் வீட்டு வாசலையோ பார்க்க வழி செய்து கொடுத்தவனுக்கு, சொந்த வீட்டில் மனைவி எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. வீட்டிலிருந்தபடியே பாடப்புத்தகம் பிழை திருத்தும் வேலை அவளுக்கு. காதில் ஹெட்போன், கண் திரையில், உதட்டில் சிரிப்பு. பிழை திருத்துகிறவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? அவனிடம் அப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு நல்ல பேர் அதற்கு இல்லை.

திங்கட்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து வேலையை முடித்தான். ஏதோ ஒரு கடையில் கழித்துப் போட்ட சதுர மானிட்டர். அதன் நீலத் தலை பிளக் நுழைய அவளுடைய புது டெஸ்க்டாப்பில் இடமே இல்லை. நடுவில் கன்வர்ட்டர் ஒன்றைக் கொடுத்து, சுவரில் ஏற்கெனவே இருந்த ஓட்டை வழியாகக் கேபிளை ஸ்டோர் ரூமுக்கு இழுத்தான். அவள் திரையில் தெரிவது அப்படியே இங்கும் தெரிய வேண்டும். செட்டிங்ஸில் அதைத் தேர்ந்தெடுக்கும்போதே குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவசரத்தில் எதையோ அமுக்கிவிட்டு ஓடி வந்தான். படம் வந்திருந்தது. அதுவே போதும் என்றிருந்தது.

மூன்று நாளாக வேலைக்குப் போகாமல் அந்தத் திரையில் வரும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அவர் வீட்லயா இருக்காரு?"

"இருக்காரு. இருந்தும் இல்லாத மாதிரிதான்."

அவளுடைய பதில் அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. கேட்டவன் எவன்? இன்று கேட்டுவிட வேண்டும்.

கத்திச் சத்தம் நிற்கவில்லை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"இப்ப என்ன பண்றாரு?"

"ஸ்டோர் ரூம்ல உக்காந்து என்னையே பாத்துட்டிருக்காரு."

அவன் எழுந்து அவளுடைய அறைக்கு ஓடினான். நாற்காலி காலி. ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. அகலத் திரையில் ஆறுகளைப் பற்றிய பாடம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்திருந்தது.

அதுதான் தப்பு. சதுர மானிட்டரில் அதே படம் ஓடினால், இதுவும் சதுரமாகச் சுருங்கி இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்திருக்க வேண்டும். தொழில்காரனான அவனுக்கே மூன்று நாளாக இது உறைக்கவில்லை.

செட்டிங்ஸைத் திறந்தான். இரண்டு கட்டங்கள், அடுத்தடுத்து. திங்கட்கிழமை அவசரத்தில், அதே படத்தைக் காட்டுவதற்குப் பதில், திரையை ஸ்டோர் ரூம் மானிட்டர் வரை நீட்டியிருக்கிறான். இங்கே இருப்பது அங்கே தெரியாது. அங்கே இருப்பதை அவள் பார்த்ததே இல்லை.

அந்த வரிகள் அவனுக்கு மட்டுமே வந்தவை.

"என்னங்க, என் சிஸ்டத்துல என்ன நோண்டிட்டிருக்கீங்க?"

மனைவி பின்னால் நின்றாள்.

"நீ... தினமும் யாருகிட்ட பேசிச் சிரிக்கிற?"

"பேசறேனா? ஆபீஸ் அக்கா பாடத்த வாசிச்சு ஆடியோ அனுப்புவாங்க. நடுவுல அவங்க திணறுறது இருக்கே, சிரிச்சு மாளாது. நீங்களும் கேளுங்களேன். நீங்கதான் பக்கத்துலயே வரமாட்டேங்கறீங்க."

அவனுக்கு வெட்கமாகப் போனது. பதில் சொல்ல வாயெடுத்தான்.

மவுஸை யாரும் தொடவில்லை. அம்பு நகர்ந்தது. வலது ஓரம் வரை போனது. ஓரத்தைத் தாண்டியது.

ஸ்டோர் ரூமில் சிரிப்புச் சத்தம்.

அவளுடைய சிரிப்பு. அவன் ஏங்கிய அதே சிரிப்பு.

மனைவியின் உதடுகள் மூடியிருந்தன. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது. அவளுடைய மோதிரம் அவன் விரலில் அழுந்தியது.

"உள்ள யாருங்க?"

ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. ஒரு சாண். இரண்டு சாண். உள்ளே இருட்டு. கதவின் விளிம்பை ஒரு கை பற்றியிருந்தது.

அதே விரல்கள். அதே மோதிரம்.

"என்னங்க," என்றது அது, ஆசையாக. "அவகிட்ட இன்னும் என்ன பேச்சு? கைய விடச் சொல்லுங்க."