இரண்டு காகிதத்தில் ஒரே மணி

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.10. வாலிநோக்கம் உப்பு ஆலையில் அரைவை இயந்திரம் ஒரு முறை முக்கிவிட்டு நின்றது. அடைத்திருந்த ஈர உப்பைத் தட்டிவிட உள்ளே இறங்கிய மாரீஸ்வரன் உயிரோடு வெளியே வரவில்லை.

அந்த இயந்திரத்தின் கதவைத் திறந்தால் மோட்டார் ஓடக்கூடாது. அதற்கென்றே கதவில் ஒரு சுவிட்சு உண்டு. யாரோ அதில் செப்புக் கம்பியைச் சுற்றி அதைச் சாகடித்திருந்தார்கள். அது தெரியாமல் இறங்கினான் மாரீஸ்வரன். மாடி அறையிலிருந்து பட்டனை அழுத்தியவன் அவன் கூட்டாளி வேல்சாமி. போன மாதம் கோயில் கொடையில் இருவருக்கும் கைகலப்பு. போதாதா?

போதும் என்றுதான் இன்ஸ்பெக்டர் கனகலட்சுமியும் அன்று மாலையே கைதுக்குக் கையெழுத்துப் போட்டாள். வெளிநாட்டுச் சாட்சிகள் வேறு இரண்டு பேர். இயந்திரத்தைப் பொருத்த செர்பியாவிலிருந்து வந்த இன்ஜினீயர் தெயான்; உப்புத் தொழில் பழக எத்தியோப்பியாவின் ஒரோமோ நாட்டுப்புறத்திலிருந்து வந்த கெமச்சு. இருவரும் அவரவர் மொழியில் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் சுரேஷ் போனில் போட்டுத் தமிழாக்கித் தந்திருந்தான்.

தெயான்: "பிற்பகல் 3 மணி விபத்துக்குப் பின் பார்த்தேன். சுவிட்சில் கம்பி சுற்றியிருந்தது."

கெமச்சு: "பிற்பகல் 3 மணிக்கு நீலச் சட்டைக்காரர் ஒருவர் கதவருகே கம்பி சுற்றினார். வாசல் வெயில் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை."

வெளிநாட்டார் இருவரைத் தவிர, மேனேஜர் முதற்கொண்டு ஆலையில் எல்லாருக்கும் நீலச் சட்டைதான். மூன்று மணிக்கு இயந்திரக் கூடத்தில் இருந்த நீலச் சட்டைகள் இரண்டு. ஒன்று செத்துப்போனது.

லாக்கப்பில் வேல்சாமி ஒன்றுதான் கேட்டான். "என்ன வேணாலும் எழுதிக்கங்கம்மா. அவனத் தூக்கும்போது தோள் கொடுக்க மட்டும் என்னய விடுங்க." மாரீஸ்வரனின் மனைவி மகேஸ்வரியோ, அவன் நிழல்கூடத் தன் புருஷன் மேல் விழக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த இரண்டு பேச்சும் கனகலட்சுமியைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை மாலைக்குள் அவனைக் கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும்.

சனிக்கிழமை, காலை 8.10. ஆலை அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. 'வேன்: தெயான் 8, கெமச்சு 2.' சுரேஷின் கையெழுத்து.

"ரெண்டு பேரும் தனித்தனியா வருவாகளா?"

"இல்ல மேடம். ஒரே வேன்தான். காலைல ஒண்ணா வந்துருவாக."

"நேத்துக் காலைல இங்க யாரு?"

"நம்ம ஆளுகள்ல நான் ஒருத்தன்தான். டெஸ்ட் ஓட்டம் பார்த்தேன். ஆளுக ரெண்டு மணிக்குத்தான் வந்தாக. அதுவரைக்கும் சுவிட்சு ஜம்முன்னு இருந்துச்சு."

இயந்திரக் கூடத்துக்கு ஒரே வாசல். கிழக்கே, உப்புப் பாத்திகளைப் பார்த்திருந்தது. உள்ளே நின்று திரும்பிய கனகலட்சுமியின் கண்ணில் வெயில் சுளீரென்று அடித்தது. வாசலில் நின்ற சுரேஷ் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிந்தான்.

அவள் அப்படியே நின்றாள். பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்கு வாசலில் ஏது வெயில்?

கெமச்சு மூலையில் கிரீஸ் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். அவன் கைக்கடிகாரம் இரண்டரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடையதில் 8.25. அவன் கடிகார முள் நன்றாகவே ஓடியது.

பகல் 12.15. கீழக்கரையில் அரபி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஜுனைதா வந்து சேர்ந்தார். அந்த இரண்டு மொழியும் தெரியாதென்று போனிலேயே சொல்லியிருந்தார். "தெரியாட்டியும் பரவால்ல, படிச்ச கண்ணு ஒண்ணு வேணும்" என்று கனகலட்சுமிதான் வரவழைத்தாள்.

மூலக் காகிதங்கள் இரண்டும் ஆங்கில எழுத்தில்தான் இருந்தன. ஜுனைதா அவற்றை அருகருகே வைத்தார். "பாருங்க, இந்த செர்பியால மெய்யெழுத்தா வந்து முட்டிக்கிட்டு நிக்கிது. ஒரோமோல எழுத்தெல்லாம் சோடி சோடியா நீளுது. ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா மணிக்கு மட்டும் ரெண்டு பேரும் எங்க அரபிச் சொல்லத்தான் வாங்கியிருக்காக. இங்கன 'சாத்'. அங்கன 'சாஆத்தி'."

"பக்கத்துல என்ன எண்ணு?"

"செர்பியாக்காரர் பதினஞ்சுன்னு ரயில் கணக்கு போட்டிருக்காரு. ஒரோமோக்காரரு மூணு." ஜுனைதா தன் போனில் அந்த ஒரோமோ வரியைப் போட்டார். "காலை மூணு மணின்னு வருதே."

கனகலட்சுமி சுரேஷைத் திரும்பிப் பார்த்தாள். "காலையப் பிற்பகலாக்குனது யாரு?"

"காலை மூணு மணிக்கு ஆலையே பூட்டிக் கிடந்துச்சு மேடம். தப்பா எழுதிட்டான்னு நானே திருத்துனேன்."

அவள் கெமச்சுவை வாசலுக்கு அழைத்து, அவன் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. கிழக்கே கடலோரத்தைக் காட்டி, சூரியன் எழுவதுபோல் கையை உயர்த்தினான். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவது அவன் ஊர் வழக்கம். நமக்கு ஏழு என்றால் அவனுக்கு ஒன்று. அவனுடைய காலை மூன்று, நம்முடைய காலை ஒன்பது.

"ஒம்பது மணிக்கு இங்கன இருந்த நீலச் சட்டை ஒண்ணே ஒண்ணு" என்றாள் கனகலட்சுமி. "நீயேதான சொன்ன."

"அவுக ஊருக் கணக்கு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"தெயான் எட்டு, கெமச்சு ரெண்டு. ஒரே வேன். அந்தப் பலகைய எழுதுனது யாரு?"

சுரேஷ் இயந்திரக் கதவைக் காட்டினான். "கதவு ஆடி ஆடி மோட்டார் நின்னுக்கிட்டே இருந்துச்சு. லோடு போகணும்னு சுத்துனேன். சாயங்காலம் எடுத்துரலாம்னு நினைச்சேன்."

"கம்பி சுத்துனது உன் கொழுப்பு. அத மறைக்க இன்னொருத்தன் தலையில கொலைய ஏத்துனியே, அதுக்கு என்ன பேரு வைக்க? அதுலயும் என் கையெழுத்த வாங்கிட்ட."

மாலை 4.30. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல். வேல்சாமி தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றான். கனகலட்சுமி தொப்பியைக் கழற்றிக்கொண்டு மகேஸ்வரியின் முன்னால் போனாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

"வேல்சாமி மேல தப்பு இல்ல. கதவு திறந்திருந்தா மோட்டார் ஓடாதுன்னு நம்பித்தான் பட்டன அழுத்துனாரு. தப்பாக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

மகேஸ்வரி மரத்தடியைப் பார்த்தாள்.

"வேலண்ணே, அங்கன என்ன நிக்கிறீக? வந்து அவுக தலமாட்டப் பிடிங்க."