மயிலிட்டிக்குப் போன வழியில்

"நிப்பாட்டாதேங்கோ! அப்பிடியே எடுங்கோ!"

மழைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் காதில் விழுவதற்குள் ஜெசிதா பயத்தில் பிரேக்கை மிதித்துவிட்டாள். தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டிய பள்ளத்தில், வெள்ளத்துக்கு நடுவே, கார் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.

"மாதாவே!" பக்கத்தில் நத்தார்ப் பண்டிகைக்குப் பகிரும் கேக் பெட்டிகளை மடியில் வைத்திருந்த அம்மா றெஜினா சிலுவைக் குறி போட்டாள்.

காலையில் குருநகரிலிருந்து புறப்பட்ட பயணம். நெல்லியடியில் பெரியம்மா வீடு முடிந்தது. இனி மயிலிட்டியில் அம்மாவின் பழைய சிநேகிதி யோசப்பினின் வீடு. இந்த மார்கழி மழையில் வேண்டாமென்று ஜெசிதா எவ்வளவோ சொன்னாள். அம்மா கேட்டால்தானே!

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இறக்கினாள். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து நீர் வழிய, ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான். மழையே அவனுடைய கண்களுக்குள் இறங்கிக் குளித்துவிட்டு வந்ததுபோல... அப்படியொரு பளபளப்பு.

எரிச்சலாக வந்தது அவளுக்கு.

"அண்ணை, சிரிக்கிறதை விட்டிட்டு ஒருக்கா உதவி செய்யிறியளோ?"

"செய்யிறன். ஆனா அண்ணை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. வீட்டிலை ஏற்கெனவே மூண்டு தங்கச்சிமார். கூப்பிட அவையளே காணும்!"

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கிக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்... பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.

வலை ஏற்றிய தன் பிக்கப்பில் கயிறு கட்டி, காரை மேட்டுக்கு இழுத்தான். பொனற்றைத் திறந்து எதையெதையோ துடைத்தான். பல முயற்சிக்குப் பிறகு எஞ்சின் உயிர் பெற்றது.

"எங்கை போறியள் அன்ரி?"

"மயிலிட்டிக்குத் தம்பி. யோசப்பினின்ரை வீட்டை."

"யோசப்பின் மாமியிட்டையோ? நானும் மயிலிட்டிதான். பேர் ஜெயசுதன். சொந்தப் படகு வைச்சிருக்கிறன்."

அம்மாவின் முகம் மாறியது. ஜெசிதா சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயசுதன்... ஆவணியில் யோசப்பின் கொண்டுவந்த சம்பந்தம்! படத்தைக்கூடப் பார்க்காமல் அவள் வேண்டாமென்ற அதே ஆள்.

அந்தப் பார்வைகளிலேயே அவனுக்கும் விளங்கிவிட்டது.

"ஓ... அப்ப நீங்கள்தான் ஜெசிதா." சிரிப்பு வடிந்துபோனது. "கடலுக்குப் போறவன் வேண்டாம் எண்டனீங்களாம். எங்கடை தொழில் அவ்வளவு குறைச்சலோ?"

குறைச்சலா? அவளுடைய அப்பாவும் அண்ணனும் செய்த தொழில்! இப்படியொரு மார்கழியில்தான் அண்ணன் ஜஸ்ரின் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. அந்தச் சாவைக் காட்டி யாரிடமும் இரக்கம் வாங்கக்கூடாதென்று, காரணத்தைச் சொல்லவேண்டாமென அம்மாவையும் யோசப்பினையும் அவளே தடுத்திருந்தாள்.

இப்போதும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. ரோஷம்...

"உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய தேவை எனக்கில்லை."

"ஓம். இல்லைத்தான்." கயிற்றைச் சுருட்டினான். "மெதுவாப் போங்கோ. வழியெல்லாம் தண்ணி நிக்குது."

மயிலிட்டிவரை ஜெசிதா தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் காரை ஓட்டினாள்.

யோசப்பினின் வீட்டில் தேத்தண்ணியைக் கையிலெடுத்த நேரம் காற்று திரும்பியது. கதவுகள் அடித்துக்கொண்டன. தொலைபேசியோடு முற்றத்துக்குப் போன யோசப்பின் பதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

"றெஜினா, இன்னாசித்தம்பி அண்ணையின்ரை படகு எஞ்சின் நிண்டு காத்திலை இழுபடுதாம்! சுதன் இப்பதான் வந்து இறங்கினவன், உடனை தன்ரை படகைக் கொண்டு வெளிக்கிட்டிட்டான்!"

கோப்பையை எங்கே வைத்தாள் என்று ஜெசிதாவுக்குத் தெரியாது. அம்மா கூப்பிடக் கூப்பிட, துறைமுகத்துக்கு ஓடினாள்.

அலை அணையில் மோதி ஆளுயரத்துக்கு எழும்பியது. இன்னாசித்தம்பியின் மனைவி ஜெனிற்றா செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள். முன்பின் தெரியாத ஜெசிதாவின் கையை அவள் பற்றிக்கொண்டாள். ஜெசிதாவும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் பயத்துக்குத் தப்பத்தானே வேண்டாமென்றாள்! வேண்டாமென்ற பிறகும் அது வந்துவிட்டதே... வெள்ளத்தில் நின்று சிரித்த ஒருவனுக்காக...

கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. கடைசியில், அலைக்கு மேலே ஒரு புள்ளி. மறைந்தது. மீண்டும் எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று!

கரை முழுவதும் கத்தியது. படகுகள் கரை சேர்ந்ததும் இன்னாசித்தம்பியைத் தூக்கி இறக்கினார்கள். பிறகே ஜெயசுதன் குதித்தான். அவளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"நீங்கள்... இஞ்சை?"

"உந்தக் காத்துக்கை ஏன் போனனீங்கள்?" குரல் உடைந்தது.

"அந்த மனுசனை அப்பிடியே விடேலுமோ?"

"என்ரை அண்ணையும் இப்பிடித்தான் போனவர். வள்ளம் வந்தது... அவர் வரேல்லை." கண்ணீரும் மழையும் ஒன்றாக வழிந்தன. "உங்கடை தொழில் குறைச்சல் எண்டு நான் நினைக்கேல்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்."

அவன் முகம் வாடிப்போனது.

"தெரியாமல் கதைச்சிட்டன்... மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கும் பயம்தான் ஜெசிதா. ஒவ்வொரு நாளும். தங்கச்சிமார் அழுவினம் எண்டு ஒருத்தரிட்டையும் சொன்னதில்லை. உங்களைப் பாத்த உடனை எனக்குப் பிடிச்சுப்போச்சு. உங்களுக்காகக் கடலை விடுறன் எண்டு சொல்ல ஆசையாக் கிடக்குது... ஆனா அது பொய்."

"விடச் சொல்லேல்லை." தலை நிமிர்ந்தாள். "நீங்கள் போற நாளெல்லாம் இந்தக் கரையிலை நிண்டு பயப்பிடுற உரிமையை எனக்குத் தாங்கோ. அது காணும்."

ஊரே சுற்றி நின்றது. அவன் எவரையும் பார்க்கவில்லை. கயிறு கிழித்துச் சிவந்திருந்த கையை, மெதுவாக, அவள் பக்கம் நீட்டினான்.

"தந்திட்டன்."