பின்னால் வரும் அணில்

அந்தப் பொய் முதலில் மிகச் சிறியதாகத்தான் இருந்தது. ஒரு கண்ட்ரோலர் அளவுதான்.

டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் அதிதியின் வீடு. அவளுக்குப் பத்து வயது. ஹோம்வொர்க் முடிந்ததும் அரை மணி நேரம் அவள் வீடியோ கேம் ஆடலாம். ஆடுவது எப்போதும் ஒரே கேம்தான். கண்ணாடி உருண்டை மாதிரி ஹெல்மெட் போட்ட ஓர் அணில், விண்வெளியில் கல்லுக்குக் கல் தாவி, கிரகம் கிரகமாகப் போகும். அந்தக் கேமுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் எல்லோரும் ‘அணில்’ என்றுதான் சொல்வார்கள்.

அதிதி ஒன்றும் பெரிய ஆட்டக்காரி இல்லை. வழியில் சனிக்கிரகத்தின் வளையம் அழகாகத் தெரிந்தால் அணிலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பாள். அதற்குள் ஓர் எரிகல் வந்து அணிலை இடித்துத் தள்ளிவிடும். “ஐயோ பாவம்” என்று சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

அந்தப் பெரிய அணிலுக்குப் பின்னால் ஒரு குட்டி அணிலும் ஓடி வரும். இரண்டாவது ஆள் இருந்தால் அவர் குட்டியை ஆட்டலாம். இல்லாவிட்டால், பெரியது என்ன செய்கிறதோ அதையே குட்டியும் தானாகச் செய்யும்.

வினை அங்கேதான் தொடங்கியது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள், ஐந்து வயதுத் தம்பி சாய்ராம் “நானும் ஆடுவேன்” என்று தரையில் புரண்டு அழுதான். கிடைப்பதே அரை மணி நேரம். அதை இவன் பள்ளத்தில் விழுந்தே தீர்த்துவிடுவானே என்று அதிதி யோசித்தாள். பாட்டரி இல்லாத பழைய கண்ட்ரோலர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“இந்தா. குட்டி அணில் நீதான்.”

சாய்ராம் பட்டன்களை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினான். பெரிய அணில் தாவியது. குட்டியும் தாவியது.

“நான் ஜம்ப் பண்ணேன்! அக்கா, பாத்தியா? நான் ஜம்ப் பண்ணேன்!”

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அணில்கள் தாவினால், “நான்!” விழுந்தால், “அக்கா, நீதான் தள்ளிவிட்ட!”

ஒருநாள் அப்பா சோபாவுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்தார். பாட்டரி மூடி இல்லாத கண்ட்ரோலரையும் பார்த்தார்.

“எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் நடக்குது” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

அப்பாவின் ஆபீஸில் பெரிய பதவியில் இருப்பவர் அனந்தராமன் அங்கிள். அவர் தன் வீட்டு மாடியில் புதிதாக ஒரு மீடியா ரூம் கட்டியிருந்தார். டிவி பார்க்கிற அறைதான். ஆனால் டிவி அறை என்று யாராவது சொன்னால் அங்கிளுக்குக் கோபம் வந்துவிடும். அதன் திறப்பு விழாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருந்தது. சனிக்கிழமை மதியம் அம்மா அதைச் சத்தமாகப் படித்தார்.

“நாலு மணி, வரவேற்புரை: திரு. அனந்தராமன். நாலே கால், தலைமையுரை: திரு. அனந்தராமன். நாலரை, ரிப்பன் வெட்டுபவர், சிறப்பு விருந்தினர் திரு. அனந்தராமன்.”

“நன்றியுரை?” என்று கேட்டார் அப்பா.

“திருமதி மீனாக்ஷி அனந்தராமன்.”

“பரவாயில்லையே, ஒரு சேஞ்சுக்கு.”

அம்மா மேலே படித்தார். “நாலே முக்கால், குழந்தைகளுக்கான மாபெரும் விண்வெளி சாம்பியன்ஷிப். ஆறு மணி, விருந்து. எல்லாரும் ஒரு ட்ரே உணவு கொண்டு வரவும்.”

சாம்பியன்ஷிப் என்றால் அணில் கேம்தான். அதிதி ஏற்கனவே பெயர் கொடுத்திருந்தாள். ‘உங்கள் திறமை?’ என்று ஃபார்மில் கேட்டதற்கு, ‘சும்மா ஆடுவேன்’ என்று எழுதியிருந்தாள்.

“சாய்ராம் பேரையும் கொடுத்துட்டேன்” என்றார் அம்மா. “எத்தனை லெவல் முடிச்சிருக்கான்னு கேட்டாங்க. அவனே சொன்னான், நாற்பத்தொண்ணுன்னு. அதனால அட்வான்ஸ்டு குரூப்ல போட்டிருக்காங்க. அந்த குரூப்ல இவன் ஒருத்தன்தான்!”

அதிதி பழைய கண்ட்ரோலரைத் திரும்பிப் பார்த்தாள்.

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாய்ராம் கையில் நிஜக் கண்ட்ரோலர் இருக்கும். அணில் முதல் பள்ளத்திலேயே விழும். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் திரும்பி அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வையை நினைத்தபோதே அவள் தப்பிக்க வழி தேடினாள்.

தம்பிக்குக் காய்ச்சல் என்று சொல்லலாமா? அவன் சோபாவிலிருந்து கார்ப்பெட்டுக்கு எட்டாவது தடவையாகக் குதித்துக்கொண்டிருந்தான். தனக்குத் தலைவலி என்று சொல்லலாமா? அம்மா மாத்திரை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு குட்டிப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை பொய் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாள். அலுப்பாக இருந்தது.

“சாய், கராஜுக்கு வா. ஒரு விஷயம் சொல்லணும்.”

கார் நிறுத்தும் அந்த கராஜில் யாரும் இல்லை. வெளியே வெயில் நூறு டிகிரி. உள்ளே அதற்கும் மேல். அவனை அரிசி மூட்டையின் மேல் உட்கார வைத்து, பழைய கண்ட்ரோலரைத் திருப்பிக் காட்டினாள்.

“இதுல பாட்டரி இல்ல சாய். எப்பவுமே இருந்ததில்ல. இது வேலையே செய்யாது.”

சாய்ராம் காலி இடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

“அப்போ பச்சை கிரகத்துல ஜம்ப் பண்ணது?”

“நான்.”

“நெருப்புப் பாலம்?”

“அதுவும் நான்தான். குட்டி அணில் தானாவே பின்னாடி வரும். நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஸாரிடா.”

அவன் உதடு நடுங்கியது. கண்ணில் நீர் முட்டியது. திடீரென்று ஏதோ தோன்றி அழுகையை நிறுத்தினான்.

“விழுந்ததெல்லாம்?”

“நான்தான்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“நான்தான் அப்பவே சொன்னேன்ல!” என்று மூக்கை உறிஞ்சினான். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தான். “நீ பேட் அக்கா.”

“ஆமாடா” என்றாள் அதிதி. அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்து மூட்டையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் கண்ட்ரோலரை நீட்டினாள்.

“கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. என்னோட இன்னைக்கு அரை மணியும் நாளைக்கு அரை மணியும் உனக்கு. பெரிய அணில் நீதான்.”

சாய்ராம் அதைத் திருப்பினான். மூடியைத் திறந்தான். “ஒண்ணு, ரெண்டு” என்று பாட்டரிகளை எண்ணினான். அதன் பிறகுதான் அரிசி மூட்டையை விட்டு இறங்கினான்.

டிவி முன் உட்கார்ந்து முதல் பட்டனை அழுத்தினான். அணில் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. குட்டியும் பின்னாலேயே விழுந்தது. அதிதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, இப்ப விழுந்தது யாரு?”

“நீதான்டா.”

“நானா? நிஜமாவே நானா?” சாய்ராம் துள்ளி எழுந்தான். “அம்மா! நான் விழுந்துட்டேன்!”

அம்மா கரண்டியோடு பதறி ஓடி வந்தார்.

முதல் லெவலில் ஏழு கற்கள். எந்தக் கல் ஆடும், எது சுற்றும் என்பதெல்லாம் சாய்ராமுக்கு மனப்பாடம். இரண்டு மாதமாகக் கண்கொட்டாமல் பார்த்தவன் இல்லையா? விரல்தான் கண்ணுக்குப் பின்னால் மெதுவாக வந்தது. கிளம்பும் நேரத்துக்கு ஐந்தாவது கல் வரை போயிருந்தான்.

“போட்டி வேண்டாம்னா சொல்லு, அம்மாகிட்ட நானே பேசறேன். நடந்ததையும் சொல்லிடறேன்” என்றாள் அதிதி.

“வேணும்.”

“எல்லார் முன்னாடியும் விழுவியே?”

“விழுவேன். ஆனா நானே விழுவேன்.”

அனந்தராமன் அங்கிள் வீட்டு மாடியில் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிள் வரவேற்றார். பிறகு தலைமை தாங்கினார். ஹூஸ்டன் விண்வெளி மையத்தில்கூட இவ்வளவு பெரிய திரை கிடையாது என்றார். ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கீழேயிருந்து வந்த சமோசா வாசனையில் மறந்துவிட்டார்.

“இந்த ரூம்ல எல்லாமே வாய்ஸ் கண்ட்ரோல்தான்” என்றார் அங்கிள். “லைட்ஸ் ஆஃப்!”

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னார். மூன்றாம் தடவை ஃபேன் சுற்றியது. மீனாக்ஷி ஆன்ட்டி எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

ரிப்பன் வெட்டியானது. அங்கிள் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

“முதலில் அட்வான்ஸ்டு பிரிவு! இதில் ஒரே வீரர் மாஸ்டர் சாய்ராம். அவருக்குத் துணையாக நானே களம் இறங்குகிறேன்.”

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு தங்க நிறக் கண்ட்ரோலரை எடுத்தார். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அப்போதுதான் கிழித்தார். எந்தப் பிரிவானாலும் முதல் லெவலிலிருந்துதான் ஆட்டம். கேமை ஆன் செய்ய அதிதியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அந்தக் கண்ட்ரோலரைப் பார்த்தாள். அதில் விளக்கு எரியவில்லை.

“அங்கிள், இதுல லைட் வரல. சார்ஜ்...”

“பாப்பா, இது லிமிடெட் எடிஷன். உலகத்துலயே ஐநூறுதான் இருக்கு.”

“இல்ல அங்கிள், சார்ஜ் போடலைன்னா...”

“கேள்வியெல்லாம் கடைசியில” என்றார் அங்கிள், மீட்டிங்கில் சொல்வதைப் போல. “பெரிய அணில் நம்ம தம்பி. குட்டி அணில் நான். பின்னாலிருந்து வழிநடத்துறதுதான் உண்மையான லீடர்ஷிப்!”

எல்லோரும் கைதட்டினார்கள். அதிதியின் அப்பா கூரையைப் பார்த்தபடி கைதட்டினார்.

சாய்ராம் தன் கண்ட்ரோலரின் மூடியைத் திறந்து பாட்டரியை எண்ணிவிட்டு ஆரம்பித்தான். இரண்டாவது கல்லில் இரண்டு அணில்களும் விழுந்தன.

“அவசரப்பட்டுட்டியே தம்பி!” என்றார் அங்கிள்.

“ஆமா! நான்தான் விழுந்தேன்!” என்றான் சாய்ராம் சந்தோஷமாக.

மறுபடி. ஒன்று, இரண்டு, மூன்று கற்கள். குட்டியும் பின்னாலேயே தாவியது.

“பாத்தீங்களா டைமிங்!” அங்கிள் பட்டன்களை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினார். அணில்கள் இடதுபக்கம் தாவியபோது அவரும் இடதுபக்கம் சாய்ந்தார். அவருடைய சொகுசு நாற்காலி தானாக விரிந்து அவரைப் படுக்க வைத்தது. படுத்துக்கொண்டே வழிநடத்தினார். ஆறாவது கல்லில் மறுபடி விழுந்தார்கள். “தம்பி, நான் சிக்னல் கொடுத்தேனே, நீ கவனிக்கல” என்றார்.

கேமில் கொடுத்த மூன்று உயிரில் மிச்சம் ஒன்றுதான். இந்தத் தடவை சாய்ராம் ஆறு கல்லையும் தாண்டிவிட்டான். ஏழாவது கல் சுற்றிக்கொண்டே இருந்தது. சாய்ராம் தனக்குத்தானே முணுமுணுத்தான். “வெயிட்... வெயிட்... இப்ப!”

இரண்டு அணில்களும் போய் நின்றன. திரை முழுக்க நட்சத்திரம் கொட்டியது. அதிதி தன்னை மறந்து கத்தினாள். சாய்ராமை விட உயரமான கோப்பையை அங்கிள் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். சாய்ராமுக்கு அதன் அடிப்பாகம் கிடைத்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியில் கிடந்த தங்கக் கண்ட்ரோலரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை எடுத்தான். அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அவன் கண்கள் விரிந்தன.

“அக்கா! அங்கிளோடது...”

அதிதி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். “உங்கிட்ட நான் எங்க வச்சு சொன்னேன்?”

“கராஜ்ல.”

“ஏன்?”

சாய்ராம் யோசித்தான். “அங்க யாரும் பாக்க மாட்டாங்க.”

“அதான்.”

மற்ற பிரிவுகள் நடந்தன. அதிதி சனிக்கிரகத்தின் வளையத்தை வேடிக்கை பார்த்து, எரிகல்லில் அடிபட்டு, கடைசிக்கு முந்தின இடம் பிடித்தாள். ஆறு மணிக்கு எல்லோரும் சாப்பிடக் கீழே போனார்கள். அங்கிள் மட்டும் கோப்பையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். கோப்பை வந்தால் முகம் வரவில்லை.

அதிதி சார்ஜர் கேபிளோடு பக்கத்தில் போனாள். “அங்கிள், நான் முதல்லயே சொல்ல வந்தேன்...”

“அங்கிள், உங்களோடதுல சார்ஜ் இல்ல” என்றான் சாய்ராம் ரகசியமாக. “நீங்க ஆடவே இல்ல. குட்டி அணில் தானாவே வரும். பரவாயில்ல, நானும் ரெண்டு மாசம் அப்படித்தான் ஆடினேன்.”

அங்கிள் தங்கக் கண்ட்ரோலரை எடுத்து அழுத்திப் பார்த்தார். அவர் காது சிவந்தது. கதவுப் பக்கம் பார்த்தார்.

“கீழ யாருக்காவது தெரியுமா?”

“நாங்க யார்கிட்டயும் சொல்லல அங்கிள்.”

“உங்கப்பா?”

அதிதி மாடிப்படி வழியாக எட்டிப் பார்த்தாள். “அப்பா காபி குடிச்சிட்டிருக்கார் அங்கிள்.”

அங்கிள் கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு, மைக்கில் இதுவரை யாரும் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்.

“இதுல... ஜம்ப் எந்தப் பட்டன்?”

“கீழ உட்காருங்க” என்றான் சாய்ராம். தன் கண்ட்ரோலரை அவரிடம் கொடுத்தான்.

அங்கிள் அதைத் திருப்பிப் பார்த்தார். “பாட்டரி இருக்கா?”

“ரெண்டு இருக்கு. எண்ணிட்டேன்.”

அங்கிள் ஒரு விரலால் பயந்து பயந்து அழுத்தினார். அணில் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது.

“இப்ப விழுந்தது...?”

“நீங்கதான் அங்கிள்!” என்றார்கள் இருவரும்.

“நானா?” அங்கிளின் முகம் மெல்ல மலர்ந்தது. மாடிப்படிப் பக்கம் திரும்பி, மைக் இல்லாமலேயே கத்தினார். “மீனாக்ஷி! மீனாக்ஷி! நான் விழுந்துட்டேன்!”

கீழே நாற்பது பேரும் தட்டுகளைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடி வந்தார்கள். அங்கே கார்ப்பெட்டில் அனந்தராமன் அங்கிள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எந்த உரையும் ஆற்றாமல், இன்னொரு தடவை விழுந்துகொண்டிருந்தார்.