செத்தவன் சொருகிய பென்டிரைவ்

ரத்தம் இன்னும் காயவில்லை!

பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையின் பின்சந்து. நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்த மாரிஸ், சிமெண்ட் தரையில் முகம் குப்புறக் கிடந்தான்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து விரைந்து வந்த அவன் தங்கை விவியன் அழவில்லை. பற்களைக் கடித்தாள்.

"தற்கொலைதான் தங்கச்சி..." இன்ஸ்பெக்டர் கமலநாதன் தயங்கினார். "சட்டைப் பையில இந்த பென்டிரைவ் இருந்துச்சு. உள்ள ஒரு போர்ட்டபிள் மெயில் ஆப், கம்ப்யூட்டர்ல முழுசா ஏத்தாமலே ஓடுற சின்ன வெர்ஷன். அதுல அனுப்பாத ஒரு மெயில்... வேற எதுவும் இல்ல."

"என்ன எழுதிருக்கு?"

"'கம்பெனி ரகசியத்தை வித்துட்டேன். மன்னிச்சிடுங்க பாஸ்.'"

அருகில் நின்ற சுகுமாறன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்கும் கம்பெனியின் முதலாளி. மாரிஸ் வேலை பார்த்த அந்த நான்காவது மாடி ஆபீஸ் அவருடையது. உடலை முதலில் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டதும் அவர்தான்.

"நல்ல பையன்லா... என்ன கெட்ட நேரமோ, எனக்கே துரோகம் பண்ணிட்டான்."

"வாயை மூடுங்க அங்கிள்!"

சந்தே திரும்பிப் பார்த்தது.

"சார், இது என் அண்ணன் டிரைவ் இல்ல!"

"அதே கறுப்பு, அதே பிராண்ட்லா!" என்றார் சுகுமாறன்.

"வெளிய அதே. உள்ள வேற! முன்ன அவனும் போர்ட்டபிள் ஆப்தான் வச்சிருந்தான். நான்தான் சண்டை போட்டு மாத்த வச்சேன். ஆப் எந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுதோ, அங்கெல்லாம் தடம் விட்டுட்டு வரும். விர்ச்சுவல் மெஷின் அப்படி இல்ல சார்... ஒரு முழு கம்ப்யூட்டரே பென்டிரைவுக்குள்ள! செய்யறதெல்லாம் உள்ளேயே பூட்டி இருக்கும்."

"அது ஓட அட்மின் பாஸ்வேர்ட் வேணும்லா! அவனுக்கு யாரு கொடுத்தா?"

"உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டதே அவன்தான்! அந்த அட்மின் பாஸ்வேர்டை வச்சதே அவன்தான்!"

சுகுமாறன் உதட்டை நக்கிக்கொண்டார்.

"போன வாரம் அண்ணன் சொன்னான் சார். டைல்ஸ்னு சொல்லி இவர் கம்பெனி இறக்குற கன்டெய்னர்ல திருட்டு சிகரெட் வருதாம். படம் எடுத்து டிரைவ்ல வச்சிருந்தான். எங்க அந்தப் படம்? இதுல ஒண்ணுகூட இல்லையே!"

"பொய்!"

"பொய்னா உங்க லேப்டாப்பைக் காட்டுங்க!"

"எ... எதுக்கு?"

"ஒவ்வொரு பென்டிரைவுக்கும் நம்ம அடையாள அட்டை ஐசில இருக்கற மாதிரி ஒரு நம்பர் இருக்கு. சொருகின கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வச்சுக்கும்... நேரத்தோட!"

கமலநாதனின் புருவம் உயர்ந்தது. கணினிக் குற்றப் பிரிவு வாணியை அந்த பென்டிரைவோடு மாடிக்கு அனுப்பினார்.

சற்று நேரத்தில் மூச்சிரைக்க இறங்கி வந்தாள் வாணி.

"இதே நம்பர் சார்! இவர் லேப்டாப்ல முதல் தடவை சொருகினது இன்னிக்குக் காலையில பத்தரைக்கு."

"மாரிஸ்தான் வந்து சொருகினான்! என் கண்ணு முன்னாடிலா!"

கமலநாதன் குனிந்தார். பிணத்தின் மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்ச். கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது!

"இதயத் துடிப்பு பத்து மணிக்கே நின்னிருக்கே..."

விவியன் பாய்ந்து சுகுமாறனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"செத்து அரை மணி நேரம் கழிச்சு மாடியேறி வந்து மெயில் டைப் பண்ணானா என் அண்ணன்? நீதானே டைப் பண்ணி அவன் பையில வச்ச? சொல்லுடா!"

உலுக்கிய உலுக்கலில் அவர் பையிலிருந்து எதுவோ தெறித்து விழுந்தது.

இன்னொரு கறுப்பு பென்டிரைவ்! மாரிஸின் டிரைவ்! அழிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதை மிதிக்கக் காலைத் தூக்கிய சுகுமாறனைக் கமலநாதன் சுவரோடு சேர்த்து அழுத்தினார்.

சுகுமாறன் திடீரென்று சிரித்தார்.

"எடுத்துக்குங்க! எப்படித் திறப்பீங்க? பாஸ்வேர்ட் அவன்கூடவே செத்துப் போச்சுலா!"

விவியன் டிரைவை எடுத்து வாணியின் கையில் வைத்தாள். அவள் குரல் நெருப்பாய் வந்தது.

"இதுக்குள்ள இருக்கற விர்ச்சுவல் மெஷினைச் செஞ்சு கொடுத்ததே நான்தான். அதுக்குப் பாஸ்வேர்ட் வச்சதும் நான்தான்!"

சிரிப்பு பாதியில் அறுந்தது.

"எ... எனக்கு லாயர் வேணும்..."

விலங்கை மாட்டினார் கமலநாதன்.

"கூப்பிடுங்க பாஸ். ஆனா போர்ட்டபிள் லாயர் பத்தாது... ஃபுல் வெர்ஷனா பார்த்துக் கூப்பிடுங்க!"