வறுக்காத மண்

நாற்றங்காலில் அன்று மண் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

குளிக்கும் தொட்டி அளவுக்கு ஓர் இரும்பு வாணலி. கீழே விறகு, உள்ளே காட்டு மண். மண்வெட்டியால் கிளறிக்கொண்டிருந்தவர் மேஸ்திரி. அவர் குண்டூசியின் மாமா, அம்மாவின் அண்ணன். ஒல்லி உடம்பு, கூர்மையான வாய் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான்.

போன வருடம் பாதி மரக்கன்றுகள் வேர் அழுகிச் செத்துப்போயின.

"மண்ணுல கிருமி. வறுத்தா ஒண்ணும் மிஞ்சாது," என்றார் மாமா.

ஆறிய மண்ணை அம்மா பைகளில் நிரப்பினாள். கன்றை நட்டு, அதற்கு உணவாகட்டும் என்று மேலே காய்ந்த இலைகளைப் போட்டாள். கோடையில் தீப்பிடித்து எரிந்த மலைச்சரிவுக்கு மூன்று மாதத்தில் போக வேண்டிய கன்றுகள் அவை.

"மாமா, அந்த இலையை யாரு மக்க வைப்பா?" என்று கேட்டாள் குண்டூசி.

"அதுவா மக்கும்."

"புத்தகத்துல அப்படிப் போடலையே. இலையில இருக்கிற நைட்ரஜனைச் செடியால நேரா எடுத்துக்க முடியாதாம். மண்ணுல இருக்கிற நுண்ணுயிருங்கதான் இலையை மக்க வெச்சு, வேர் குடிக்கிற மாதிரி ஆக்கித் தருமாம். நீங்க சமையல்காரங்களையே வறுத்துட்டீங்க. இனி யாரு சமைப்பா?"

அம்மாவுக்கு வந்த சிரிப்பு இருமலாக மாறியது.

"அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்கே பாடமா? வறுக்காத மண்ணு ஒரு பை கூட என் நாற்றங்கால்ல இருக்கக் கூடாது!"

குண்டூசி காலிப் பைகளை எண்ணி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, சுற்றுச்சுவருக்கு வெளியே பதினைந்து பைகள் கன்றுகளோடு வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு பலகை: 'வறுக்காத மண். தொடாதீர்கள்.'

"எடுத்துப் போடுடி," என்றார் மாமா.

"மாட்டேன்."

"உள்ளே இருக்கிறதுக்கு நோய் பரவும்."

"அதான் வெளியே வெச்சிருக்கேன். உங்க நாற்றங்கால் அந்தச் சுவரோட முடிஞ்சுது."

மாமா சுவரைப் பார்த்தார். சுவர் அவருக்கு உதவவில்லை.

"லாரி வர்ற அன்னிக்கு இதுல ஒண்ணு கூட மலை ஏறாது. எல்லாத்தையும் குழியில கொட்டிடுவேன்," என்றார்.

முதல் மாதம் உள்ளே இருந்த கன்றுகள் கிடுகிடுவென வளர்ந்தன. வெளியே இருந்தவை விரல் உயரத்தைத் தாண்டவில்லை. அவற்றிலும் மூன்று அழுகிவிட்டன.

"என்னடி, உன் சமையல்காரங்க லீவுல போயிட்டாங்களா?"

குண்டூசி அந்த மூன்றையும் பிடுங்கித் தூரத்தில் புதைத்தாள். பன்னிரண்டுக்கும் தண்ணீர் ஊற்றினாள். பிறகு சுவரில் சாய்ந்து, வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மண்ணிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆனால் உள்ளே வேலை நடக்கிறது என்று அவள் நம்பினாள்.

இரண்டாம் மாதம், உள்ளே இருந்த கன்றுகளின் அடி இலைகள் மஞ்சளாயின. மாமா இன்னும் கொஞ்சம் காய்ந்த இலைகளைப் போட்டார். மூன்றாம் மாதம், நுனிவரை மஞ்சள்.

லாரி வந்தது.

"எதை ஏத்தணும் மேஸ்திரி?" என்று கேட்டார் டிரைவர்.

மாமா சுவருக்கு வெளியே வந்தார். பன்னிரண்டு கன்றுகளும் கரும்பச்சையாக நின்றன. அவற்றின் முன்னால், விரல்களை லேசாக மூடி, கைகளை அகல நீட்டி மறித்தபடி குண்டூசி நின்றாள்.

"கொட்ட விடமாட்டேன்!"

"தள்ளுடி."

"முதல்ல இதைப் பாருங்க."

அவள் ஒரு கையைத் திறந்தாள். மாமாவின் பையிலிருந்து எடுத்த இலை. மரத்திலிருந்து விழுந்தது போலவே முழுசாக இருந்தது. மறு கையில் அவளுடைய பையின் இலை. நரம்புகள் மட்டும் வலை போல மிஞ்சியிருந்தன. மாமா தொட்டதும் அது கறுப்பாக உதிர்ந்தது.

"ரெண்டும் ஒரே வாரம் போட்டது," என்றாள்.

"அப்போ முதல் மாசம் என்னுது எப்படி வளர்ந்துச்சு?"

"நீங்க வறுத்த நுண்ணுயிருங்களே உரமாச்சு. அது தீர்ந்துபோச்சு. புதுசா ஆக்கித் தர ஆள் இல்ல."

மாமா உதிர்ந்த இலைத்தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார்.

"இந்தப் பன்னிரண்டை ஏத்துங்க," என்றார் மாமா.

"பன்னிரண்டு செடிக்கு ஒரு லாரியா?"

"ஆமா. குலுங்காம ஓட்டுங்க."

லாரி போனதும் குண்டூசி வாளியோடு காட்டுப் பக்கம் கிளம்பினாள்.

"எங்கடி போற?"

"வறுக்காத மண்ணு எடுத்துட்டு வர. உள்ளே முந்நூறு கன்னு பட்டினி கிடக்கு. நம்ம சண்டையில அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

மாமா இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

திரும்பி வந்து, முதல் மஞ்சள் கன்றின் முன்னால் கரண்டியோடு குந்தி உட்கார்ந்தார். பையில் மண்ணைப் போடாமல் அண்ணாந்து அவளைப் பார்த்தார்.

"ஒரு கரண்டி போதுமா?"

குண்டூசி கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டாப் போடுங்க."

மாமா இரண்டு கரண்டி போட்டார்.